கடல்மீன் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடல்மீன் வணிகர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்க நீங்கள் விற்கும் கடல்மீன்களில், தொட்டியின் அடியில், மணலிலும் பாறையிடுக்கிலும் ஒதுங்கி வாழும் சின்ன மீன்களுக்காக இதை எழுதுகிறேன். கோபி, பிளெனி, மாண்டரின் எல்லாவற்றையும் “சின்ன மீன்தானே, எதைப் போட்டாலும் தின்னும்” என்று சொல்லியே விற்கிறீர்கள். அந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

மாண்டரினையே எடுத்துக்கொள்வோம். நீலமும் ஆரஞ்சும் நெளிந்தோடும் அந்த உடம்பைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத்தான் தோன்றும். ஆனால் கடலில் பிடித்த மாண்டரின் பெரும்பாலும் காய்ந்த தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பாறைமேல் ஊரும் கோப்பிபாட் போன்ற பொடி உயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்திப் பகலெல்லாம் மேய்ந்துகொண்டே இருக்கும். புதுத் தொட்டியில் அந்த இரை சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்புறமும் மீன் கொத்திக்கொண்டுதான் இருக்கும், வாயில் ஒன்றும் அகப்படாது. வாங்கியவரோ நன்றாக மேய்கிறது என்று நிம்மதியாக இருப்பார். மேலிருந்து பார்த்தால்தான் தெரியும்: முதுகுச் சதை வற்றி, வயிறு ஒட்டிப்போயிருக்கும். அது நோயில் சாகவில்லை, பட்டினியில் சாகிறது. பல நேரம் அந்தப் பட்டினி உங்கள் கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

சிவப்பு உடம்பில் நீலக் கோடு போட்ட கேட்டலினா கோபியும் அப்படித்தான். அது கலிஃபோர்னியாக் கரையோரக் குளிர்நீரில் வாழும் மீன். 26 டிகிரியில் ஓடும் பவளத் தொட்டியில் விட்டால் ஆயுள் குறைந்துபோகும். தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் இல்லாதவருக்கு அதை விற்கவே கூடாது.

இத்தனைக்கும், வீட்டிலேயே குஞ்சு எடுக்கக்கூடிய கடல்மீன்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றன. நியான் கோபி ஜோடிக்கு ஒரு துண்டு பிவிசி குழாய் போதும். உள்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும், ஆண் விசிறிக்கொண்டே காவல் இருக்கும். டார்ச் அடித்துப் பார்க்கையில் முட்டைக்குள் கண்கள் பளபளத்தால் பொரிப்பு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். முட்டையிட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிந்துவிடும். குஞ்சுகளுக்கு இரையாக முதலில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், கொஞ்சம் வளர்ந்ததும் அன்றன்று முட்டையிலிருந்து பொரித்த ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகை. ஒரு மாதம் போல ஆனதும், நடுநீரில் மிதந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாகக் கீழிறங்கிக் கண்ணாடியிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும், நீலக் கோடும் தெளிந்துவரும். அந்த மாதம் முழுக்க ரோட்டிஃபர் வளர்ப்பு ஒருநாள்கூடச் செத்துவிடாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்பவருக்குத்தான் தெரியும்.

அப்படி வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுவருபவர்களிடம், கடலில் பிடித்தது இதைவிட மலிவாக வருகிறது என்று கையை விரிக்காதீர்கள். தொட்டியில் பிறந்த மீன் குறுணைத் தீவனத்துக்குப் பழகியே வருகிறது. தொட்டி அதற்குப் புதிதில்லை. பிடிபட்டு, பையில் அடைபட்டு, கைமாறிக் கைமாறி வந்த அலைச்சலும் இல்லை. வழியிலும் கடையிலும் சாகும் மீன்களையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள், எது மலிவு என்று தெரியும். மாண்டரினைக்கூட இப்போது பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்கிறார்கள், கேட்டு வரவழையுங்கள்.

கோபியை ஒற்றையாக விற்காமல், முடிந்தால் அளவில் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு இளம் மீன்களாகக் கொடுங்கள். பல கோபி இனங்கள் பாலினம் மாறக்கூடியவை என்பதால் தாமாகவே ஜோடி சேர்ந்துகொள்ளும். வாங்கியவர் நாளைக்குக் குஞ்சு எடுக்க ஆசைப்பட்டால் வழி திறந்திருக்கும்.

ஒவ்வொரு தொட்டியின் மேலும் மூன்று விஷயங்களை எழுதி ஒட்டுங்கள்: கடலில் பிடித்ததா தொட்டியில் பிறந்ததா, என்ன வெப்பநிலை வேண்டும், இப்போது என்ன தின்கிறது. பணம் வாங்குமுன் வாடிக்கையாளர் கண்ணெதிரில் இரை போட்டுக் காட்டுங்கள். தின்னாத மீனை, தின்னும்வரை விற்காதீர்கள்.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்க்கும் ஒருவர்