செயலாளரின் ஆண்டறிக்கை: பலகையில் எழுதியதை மாற்ற வேண்டும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய முலாம் பட்டறை இருந்த காலி இடத்தில் பயறு வகைச் செடிகளையும் அவற்றின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாவையும் வைத்து, உலோகம் கலந்த மண்ணைச் சரிசெய்வது என்று சென்ற பொதுக்குழுவில் கைதட்டி முடிவெடுத்தோம். 'இங்கே மண் சுத்தமாகிறது' என்று வேலியில் ஒரு பலகையும் மாட்டினோம். அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும் என்பதுதான் இந்த அறிக்கையில் நான் வைக்கும் முக்கியக் கோரிக்கை.

மண்ணில் எண்ணெய் சிந்தினால் பாக்டீரியா அதைத் தின்று தீர்க்கும். ஈயம், காட்மியம், துத்தநாகம் அப்படியல்ல. அவை தனிமங்கள், எந்த உயிர் தின்றாலும் அழியாது. செடியை வைத்துச் செய்வதென்றால் பொதுவாக இரண்டு வழி. உலோகத்தை இலைக்கு ஏற்றி, அறுத்து அப்புறப்படுத்தலாம். இல்லையென்றால் வேரடியிலேயே நகரவிடாமல் கட்டிப்போடலாம். பயறு வகையில் பெரும்பாலானவை இரண்டாவதற்குத்தான் லாயக்கு. 1998 ஏப்ரலில் ஸ்பெயினின் அஸ்னால்கோயர் சுரங்கத்தில் கழிவு அணை உடைந்தது. அந்த மண்ணில் மஞ்சள் லூபின் என்ற பயறு வகைச் செடியை உலோகம் தாங்கும் பாக்டீரியாக்களோடு வளர்த்துப் பார்த்தார்கள். செடி நன்றாகத் தழைத்தது. உலோகமோ தண்டுக்கும் இலைக்கும் அதிகம் ஏறாமல் வேரோடு நின்றது. ஆக, நாம் செய்வது சுத்தம் அல்ல, காவல்.

இனி விதைப்பு. முதல் விதைப்பு வீணானது என் அவசரத்தால்தான். ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியாவைத் தடவிய சணப்பு விதையை நிழலில் உலர்த்த வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று நான் வெயிலில் பரப்பினேன். பாக்டீரியா செத்தது, பயிர் மஞ்சளாக நின்றது. இரண்டாம் முறை எல்லாம் முறைப்படி செய்தோம். அப்போதும் வேலி ஓரப் பாத்தி பச்சையாக வளர, சுவரடிப் பாத்தி வெளிறியே கிடந்தது.

இரண்டிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசி, முடிச்சுகளைப் பிளேடால் நறுக்கிப் பார்த்தோம். வேலி ஓரச் செடியின் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சில் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் அது; காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சுவரடிச் செடியிலும் முடிச்சுகள் இருந்தன, ஆனால் கடுகு அளவில், உள்ளே வெள்ளையாக. அதாவது முடிச்சு உண்டு, வேலை இல்லை.

இது புதுக் கதை அல்ல. இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணையில் 1942 முதல் 1961 வரை சாக்கடைக் கசடு கொட்டிய நிலத்தில், பல ஆண்டு கழித்து வெள்ளைக் குளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடியை விதைத்தபோதும் இதுவே நடந்தது. கசடோடு வந்த உலோகத்தில் தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியா அழிந்து, பிடிக்கத் தெரியாதது மட்டும் மிஞ்சியிருந்தது. நம் சுவரடியிலும் அப்படித்தான்: செடி தாங்குகிற உலோகத்தைப் பாக்கெட்டில் வாங்கிய பாக்டீரியாவால் தாங்க முடியவில்லை. உலோக மண்ணிலேயே பிழைத்துப் பழகிய பாக்டீரியாதான் இங்கே வேண்டும். அதன் உடலைச் சுற்றியுள்ள பசை உலோகத்தைப் பிடித்துவைக்கும். உள்ளே நுழைந்ததை வெளியே தள்ளும் பம்புகளும் அதற்கு உண்டு. சுவரடியில் தானாக முளைத்த தொட்டாற்சிணுங்கியை களை என்று நாமே பிடுங்கிப் போட்டோம். அதுவும் பயறு குடும்பம்தான். அதன் முடிச்சில் வாழும் குப்ரியாவிடஸ் தாய்வானென்சிஸ் என்ற பாக்டீரியா உலோகம் தாங்குவதற்குப் பேர்போனது. இனி அதில் யாரும் கைவைக்க வேண்டாம். ஒன்று மட்டும்: அதன் பாக்டீரியா சணப்புக்கு ஒட்டாது, ஒவ்வொரு செடிக்கும் அதற்கேற்ற துணை வேண்டும். அதனால் சுவரடியில் பிழைத்து நிற்கும் நாலைந்து சணப்புச் செடிகளில் சிவந்த முடிச்சு ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுவதே அடுத்த ஆண்டு வேலை.

மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துப் பலர் முகம் வாடியது. ஈயம் குறையவே இல்லையே என்று கேட்டார்கள். குறையாது. நாம் கேட்டு வாங்கியது மொத்த அளவு. பார்க்க வேண்டியது செடிக்கு எட்டும் அளவு, அதாவது டிடிபிஏ என்ற, உலோகத்தைப் பிடித்திழுக்கும் வேதிப்பொருளின் கரைசலில் கரைந்து வருவது. இந்த முறை இரண்டையும் கேட்டிருக்கிறோம். கார அமில நிலையையும் கூடவே பார்க்கச் சொன்னோம். தழைச்சத்து பிடிக்கும் பயிர் வேரடி மண்ணைப் புளிக்க வைக்கும். மண் புளித்தால் காட்மியம் இளகிவிடும். புளித்தது தெரிந்தால் சுண்ணாம்பு இடலாம்.

அப்புறம், அறுத்த செடிகளை யாரோ நல்லெண்ணத்தில் உரக்குழியில் போட்டுவிட்டார்கள். கட்டி வைத்ததை நாமே அவிழ்த்துவிட்ட மாதிரி. குழியை மூடி, செடிகளை மூடியுள்ள பீப்பாய்களுக்கு மாற்றியாயிற்று. அபாயக் கழிவாகத்தான் அவற்றை ஒப்படைக்க வேண்டும்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பலகைக்கு நான் முன்மொழியும் வாசகம்: 'இந்த மண்ணில் உலோகம் இருக்கிறது. செடிகள் பிடித்து வைத்திருக்கின்றன. காயைப் பறிக்காதீர்கள், மண்ணைத் தோண்டாதீர்கள்.' வழிமொழிபவர் கை உயர்த்தலாம். கடைசிக் கூட்டத்தன்று ரப்பர் கையுறைகளை எடுத்துப்போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்