அந்தக் காகிதச் சங்கிலி

எருசலேம்,
யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா முடிந்த மறுநாள்

அன்பு மகளே,

நேற்றிரவு பண்டிகை முடிந்ததும் நீ தொலைபேசியில் சொன்னது மனத்தை விட்டுப் போகவில்லை. "இந்த வருடம் சுக்கோத் கூடாரப் பண்டிகைக்குச் சுக்காக் குடில் கட்டப்போவதில்லை அம்மா. இந்த லண்டன் மழையில், இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியாது. ஜெப ஆலயத்துச் சுக்காவிலேயே சாப்பிட்டுக்கொள்கிறோம்" என்றாய். உன் களைப்பு எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் வீட்டுப் பால்கனியில் அப்பா கட்டும் சுக்காவை நீ மனத்தில் வைத்திருக்கிறாய். அவ்வளவு தேவையே இல்லை. நம் மதச் சட்டம் கேட்பது இரண்டு சுவர், மூன்றாவதில் ஒரு துண்டு. உயரம் பத்துக் கையகலம் போதும். அது ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவுதான். உன் தோட்டத்து மூலையில் இரண்டு பக்கமும் மதில் இருக்கிறது. மூன்றாவது பக்கத்தில் ஒரு பலகையை நிறுத்திவிடு. பேரிக்காய் மரத்தின் கீழே மட்டும் வேண்டாம். தலைக்கு மேலே திறந்த வானம் இருக்க வேண்டும்.

கூரைக்கு லண்டனில் பேரீச்ச ஓலைக்கு எங்கே போவது என்று கவலைப்படாதே. மண்ணில் முளைத்து வெட்டியெடுத்தது எதுவானாலும் சரி. குறுக்கே மூங்கில் கழிகளை மட்டும் நீ வைத்துக்கொடு. வேலியில் கத்தரித்த தழையைப் பெரியவள் இழுத்துவரட்டும், சின்னவன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கட்டும். பகலில் வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும், இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டும். தெரிகிறதா என்று படுத்துக்கொண்டு பார்த்துச் சொல்வது அவனுடைய வேலையாக இருக்கட்டும்.

இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உனக்கு ஐந்து வயது. ஒரு மாலை முழுவதும் தரையில் உட்கார்ந்து வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டிச் சங்கிலி செய்தாய். வளையங்கள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பசை கட்டிகட்டியாக உலர்ந்திருந்தது. மறுநாள் விருந்தினர் வருகிறார்களே என்று, நீ தூங்கியபின் நான் அதைப் பிரித்து, ஒரே அளவில் வெட்டிப் புதிதாக ஒட்டித் தொங்கவிட்டேன். காலையில் நீ அண்ணாந்து பார்த்து, "என் சங்கிலி எங்கே?" என்று கேட்டாய். இதுதான் என்றேன். "இல்லை, என்னுடையதில் மூன்று சிவப்பு சேர்ந்து வரும்" என்றாய். அதன்பின் அந்த ஏழு நாளும் நீ மேலே பார்க்கவே இல்லை. உனக்கு இது நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்கு இதுவரை தைரியம் வந்ததில்லை. உன் பிள்ளைகள் தொங்கவிடுவதை, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், தொடாதே அம்மா.

மழைக்கும் நம் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் வழி இருக்கிறது. கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம். ஆகவே முதலில் ஒரு கிண்ணம் கஞ்சியோடு உட்காருங்கள். மழை வந்தால், கஞ்சி கெட்டுவிட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைப் பெரியவளிடம் கொடு. அதே மிஷ்னாவில்தான் ஷம்மாய் என்ற பழங்கால அறிஞரின் கதையும் வருகிறது. மருமகளுக்குப் பிள்ளை பிறந்தபோது அவர் வீட்டுக் கூரையைப் பெயர்த்து, கட்டிலுக்கு மேலே தழை போட்டாராம், அந்தப் பச்சைக் குழந்தைக்காக. கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த மனிதர். அவருடைய வாதங்களை நான் மறந்திருக்கிறேன்; இந்தக் கதையை மறந்ததே இல்லை.

பண்டிகையில் கையில் பிடிக்கும் ஓலை, தழைகள், பழம் என்ற நான்கு வகையையும் கோல்டர்ஸ் கிரீனில் வாங்கிவிடு. ஆற்றலரிதான் முதலில் வாடும். அதை ஈரத்துணியில் சுற்றி வைப்பதும், தினமும் துணியை நனைப்பதும் பிள்ளைகளுடைய வேலை. எலுமிச்சை இனத்து எத்ரோக் பழத்தின் முனை ஒடிந்துவிடுமோ என்று ஒளித்துவைக்காதே. மெத்தைமேல் உட்காரவைத்து, இரண்டு கையிலும் பிடிக்கச் சொல்லிக் கொடு. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கட்டும்.

ஏழாம் நாள் ஹோஷானா ரப்பா. ஆற்றலரிக் கிளைகளைத் தரையில் அடிக்கும் நாள் அது. இலை வீடெங்கும் பறக்கும், பறக்கட்டும். பண்டிகை முடிந்தபின் எத்ரோக்கைத் தூக்கி எறியாதே. பின்னல் ஊசியால் நீ துளை போட்டுக்கொடு. பிள்ளைகள் கிராம்பை ஒவ்வொன்றாகச் செருகட்டும். நெருக்கமாகச் செருக வேண்டும், இடைவெளி விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்து இறுகியபின், ஓய்வுநாள் முடிவில் செய்யும் ஹவ்தாலாவில் முகர்வதற்கு அதுவே வாசனைப் பொருள். நம் வெள்ளிப் பெட்டியில் இருப்பது நீ செருகியதுதான். இன்னும் வாசனை இருக்கிறது.

சுக்கோத்துக்கு முன்னே வரும் யோம் கிப்பூர் நோன்பு முடிந்த இரவிலேயே சுக்காவின் முதல் ஆணியை அடிப்பது நம் வழக்கம். சுத்தியலைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு எனக்குத் தொலைபேசி செய். அந்தச் சத்தத்தை நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா