வர்ணம் தாண்டித் தேங்கி நிற்கும் வயலின் மாணவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விஜயதசமி வந்தால் இசைப்பள்ளிச் சேர்க்கை பற்றியும், மார்கழி வந்தால் கச்சேரிகள் பற்றியும் நாளிதழ்கள் தவறாமல் எழுதுகின்றன. முதல் பாடம் படிக்கும் குழந்தையும் மேடையேறிவிட்ட வித்வானும் செய்தியாகிறார்கள். இடையில் நிற்பவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்ற தொடக்கப் பாடங்களெல்லாம் முடித்து, அடுத்த கட்டமான வர்ணமும் நாலைந்து கற்று, அதற்கு மேல் நகராமல் வயலினைப் பெட்டியில் பூட்டிவிடுகிற பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டு படித்தவர்களிலும், வீட்டுக்கு ஆசிரியரை வரவழைத்துக் கற்றவர்களிலும் இவர்களைப் பார்க்கலாம். காது நன்றாக இருக்கும், தாளமும் நிற்கும், ஆனால் வாத்தியம் மட்டும் கீச்சென்றே பேசும். கேட்கிறவர்கள் முகம் சுளிக்க, பிள்ளைக்கும் ஆசை விட்டுப்போகிறது.

இந்தக் கட்டத்தில் நாம் செய்கிற தவறு, பாடத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவது. வர்ணம் முடிந்ததா, கீர்த்தனை. அது முடிந்ததா, அடுத்த கீர்த்தனை. இடது கை எப்படியோ சமாளித்துவிடும். வலது கை சரளி வரிசையில் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. வில்லின் நடுப்பகுதியில் ஒரு சாண் அளவை மட்டும் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் அறுத்து, அதிலேயே கீர்த்தனை முழுவதையும் ஓட்டிவிடும் மாணவர்கள்தான் அதிகம்.

முழு அளவு வில்லில் முடியின் நீளம் சுமார் 65 செ.மீ. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்தால் 8 எண்ணிக்கை கொண்ட ஆதிதாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், 8 விநாடி. விரல் வைக்காத, அதாவது திறந்த, ஸட்ஜத் (ஸ) தந்தியில் ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரே வில் என்று இழுக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு எண்ணிக்கையிலேயே பாதி வில் தீர்ந்துபோகும், மிச்ச ஆறு எண்ணிக்கைக்கு நுனியில் தடவிக்கொண்டிருப்பார்கள். வில்லின் குச்சியில் மூன்று இடங்களில் மெல்லிய நூல் சுற்றி அதை நான்கு பாகமாக்கினால், ஒவ்வொரு பாகமும் ஏறக்குறைய 16 செ.மீ. வரும். பாகத்துக்கு இரண்டு எண்ணிக்கை என்று பழகினால் ஓட்டம் சீராகும். அது கைவந்ததும் இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு வில், அதாவது 16 விநாடி. இப்போது வில் விநாடிக்கு 4 செ.மீ.தான் நகரும். கைப்பிடிப் பக்கம் வில்லின் எடை முழுவதும் தந்தியில் இறங்கும் என்பதால், சுண்டுவிரல் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நுனிக்குப் போகப் போக எடை குறைவதால், ஆள்காட்டி விரல் கொஞ்சம் அழுத்தம் கொடுக்க வேண்டும். இந்த விரல் மாற்றம் பழகாததால்தான் ஒரே ஸ்வரம் தொடக்கத்தில் உறுமுகிறது, முடிவில் காற்றாகிப் போகிறது.

நம் வாசிப்பு முறைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மேற்கத்திய முறையில் வயலினைத் தோளில் ஏறக்குறைய கிடைமட்டமாகப் பிடிப்பார்கள். நாம் சம்மணமிட்டு, வாத்தியத்தின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை இடது மார்பில் சாய்த்துக்கொள்கிறோம். வாத்தியம் சரிவாக நிற்பதால் வில் தானாகவே குதிரையை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை) விட்டு விலகி, விரல் பலகைப் பக்கம் வழுக்கி இறங்கும். அங்கே நாதம் சன்னமாகி ஊதல் போல வரும். அதை ஈடுகட்ட மாணவர் அழுத்துவார், உடனே கீச்சொலி வரும். அழுத்தத்தைக் குறை என்று சொல்லிப் பயனில்லை, வில் போகும் தடத்தைத்தான் திருத்த வேண்டும். எதிரே கண்ணாடி வைத்து, குதிரைக்கும் விரல் பலகை முடிவுக்கும் நடுவில் வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று தினமும் பத்து நிமிடம் பார்த்தாலே போதும். இழுக்கும்போது முழங்கையைப் பின்னால் கொண்டுபோகிறவர்களுக்கு வில் கோணலாகும். முழங்கைக்குக் கீழே இருக்கும் கை மட்டும் விரிந்தால் நேராக வரும்.

ஜண்டை வரிசையை ‘முடித்துவிட்டோம்’ என்று மூடி வைப்பதும் தவறு. ‘ரிரி கக’ என்னும்போது ஸ்வரத்துக்கு ஒரு வில் மாற்றினால் இரண்டாவது ஸ்வரத்தின் அழுத்தத்தை வில்லே கொடுத்துவிடும், விரல் சும்மா இருக்கும். இரண்டு ஸ்வரத்துக்கும் சேர்த்து ஒரே வில் போட்டு, இரண்டாவதில் விரல் கீழ் ஸ்வரத்தைத் தொட்டுச் சொடுக்கித் திரும்ப வேண்டும். ஸ்புரிதம் என்னும் சொடுக்கு அசைவு அப்படித்தான் பிறக்கும். வர்ணம் வரை வந்த மாணவர் இதற்காகத் திரும்பவும் ஜண்டை வாசிப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இடது கைக்கு வருகிறேன். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். முழு அளவு வயலினில் தந்தி அதிரும் நீளம் சுமார் 33 செ.மீ. திறந்த தந்தி ஸட்ஜமானால், சுத்த ரிஷபம் மேட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தி ஏறிச் செல்லும் இடம்) சுமார் 2 செ.மீ.யிலும், சுத்த மத்யமம் 8 செ.மீ.க்குச் சற்று மேலும், பஞ்சமம் 11 செ.மீ.யிலும் அமையும். தோடி காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவது. ஆகவே விரல் ஏறி இறங்க வேண்டிய தூரம் 6 செ.மீ.க்கும் மேல். மெதுவான முதல் காலத்தில் அத்தனை தூரமும் போகிற மாணவர், இருமடங்கு வேகமான இரண்டாம் காலத்தில் நேரம் போதாமல் அதை ஒரு விரல்கடைக்குச் சுருக்கிவிடுகிறார். அப்போது கேட்பது காந்தாரம் இல்லை, மேற்கத்திய வைப்ரேட்டோ மாதிரி ஒரு நடுக்கம். அதே தந்தியில் தாரஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயிக்கு) போனால் தூரம் சரிபாதியாகி, 3 செ.மீ.தான் இருக்கும். கீழே பழகிய அதே வீச்சை மேலேயும் போட்டால் ஸ்ருதி எகிறும். ‘மேலே போனால் பிசிறுகிறது’ என்று பெற்றோர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

பயிற்சி எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் ரிஷபம், மத்யமம் இரண்டையும் அசைவில்லாமல் தனித்தனியே நிறுத்தித் தம்புராவோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பிறகு அதே விரலால் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு முறை, அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு என்று ஏறி இறங்க வேண்டும். ஏறிய ஒவ்வொரு முறையும் மத்யமம் முழுசாகத் தொட்டதா என்று காது சொல்ல வேண்டும். விரல் தந்தியைப் பலகையோடு நசுக்கினால் வழுக்காது. ஒலி தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்தம் போதும். கட்டைவிரல் கழுத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்கினால் கையும் அதோடு நின்றுவிடும், அதுவும் கூடவே நகர வேண்டும். விரல் நுனியில் ஒரு பொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது நம் வித்வான்களிடம் உள்ள வழக்கம். ஆனால் அந்த எண்ணெய் வில் படும் இடத்துக்குப் போய்விடக் கூடாது. வில் முடியில் எண்ணெய் ஏறினால் எவ்வளவு ரோசின் போட்டாலும் பிடிக்காது, முடியையே மாற்ற வேண்டியிருக்கும். விரல் பலகையில் அடையாளத்துக்கு ஒட்டிய ஸ்டிக்கர்களை இந்தக் கட்டத்தில் கழற்றிவிடுங்கள். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்குக் கோடு கிடையாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று சுருதி. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் காலம் தொட்டு இரு நூற்றாண்டாக அது நம்மிடம் இருந்தாலும், கடையில் விற்கும் தந்திகள் இன்றும் பெரும்பாலும் மேற்கத்திய ஜி, டி, ஏ, ஈ சுருதிக்கென்றே செய்யப்படுகின்றன. நாம் அதை ஸ-ப-ஸ-ப என்று கூட்டுகிறோம். 5 கட்டையில், அதாவது ஜி-யை ஸட்ஜமாக வைத்து, கூட்டினால் மந்த்ரத் (கீழ்) தந்திகள் இரண்டும் அவற்றுக்கு உரிய சுருதியிலேயே நிற்கும், மேல் தந்திகள் இரண்டும் ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஸ்வரஸ்தானம்) இறங்கும், அவ்வளவுதான். பையன் 1 கட்டையில் (சி ஸட்ஜம்) பாடுகிறான் என்பதற்காக வயலினையும் 1 கட்டைக்கு இறக்கினால், மேல் இரண்டு தந்திகளும் ஒன்பது ஸ்வரஸ்தானம் இறங்கித் தொங்கிப்போகும். தளர்ந்த தந்தியில் வில் சற்று அழுத்தினாலே ஸ்ருதி விலகும், விரல் பட்டாலும் விலகும். சரியாக வாசிக்கிற பிள்ளைகூட அபஸ்வரமாகக் கேட்கும். தனியாகச் சாதகம் செய்ய 2½ அல்லது 3 கட்டை வைத்துக்கொள்ளுங்கள். 1 கட்டையில்தான் வாசித்தாக வேண்டும் என்றால், கனமான தந்தி போட்டுக் கேளுங்கள்.

பராமரிப்பில் மூன்றைச் சொல்லி முடிக்கிறேன். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒன்றாகத் தளர்த்தினால் குதிரை சாயும், உள்ளே நிற்கும் சிறு குச்சியும் விழுந்துவிடலாம், அதை நிறுத்தத் தொழில் தெரிந்தவர்தான் வர வேண்டும். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகித் திருகிக் குதிரையின் உச்சி விரல் பலகைப் பக்கம் சாய்ந்துகொண்டே வரும், வாரம் ஒருமுறை அதை நிமிர்த்த வேண்டும். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்த வேண்டும்.

ஆசிரியர்கள் பாடத்தில் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டுக்காரர் கையால் தாளம் போட்டுக்கொண்டே பாடலாம், வயலினில் இரண்டு கையும் சிக்கிக்கொள்கிறது. எனவே எந்தச் சங்கதியையும் (பாட்டு வரியின் ஒவ்வொரு மாறுபட்ட வடிவத்தையும்) முதலில் தாளம் போட்டுப் பாடி, சாகித்யத்தில், அதாவது பாட்டின் வரிகளில், சொல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்ட பின்பே வில்லை எடுக்க வேண்டும். ஒரு சொல்லின் நடுவில் வில் மாறினால் சொல் உடையும். சாகித்யம் தெரியாமல் ஸ்வரம் எழுதிய நோட்டைப் பார்த்து வாசிக்கும் கீர்த்தனையில் இது உடனே தெரியும். வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனின் பதிவுகளைச் சாகித்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், வில் எங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பது பாடமாகவே கிடைக்கும். நீண்ட வில்லுக்குத் துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் பழைய பதிவுகள் இருக்கின்றன.

இணையவழி வகுப்பு நடத்துகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காணொலிச் செயலிகளில் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி தானாகவே இயங்கும். நீளமாக ஒலிக்கும் தம்புராவையும் ஒரே வில்லில் நிற்கும் ஸ்வரத்தையும் அது இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். மாணவர் 8 விநாடி இழுத்தாலும் ஆசிரியருக்குச் சில விநாடிதான் கேட்கும். இரு பக்கமும் அந்த வசதியை அணைத்துவிட்டு, கேமரா முகத்தைப் பார்க்காமல் குதிரையையும் வில்லையும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

போட்டி நடத்தும் சபாக்களுக்கும் அமைப்புகளுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் வேகமான கீர்த்தனையும், உடனுக்குடன் கற்பனையாக வாசிக்கும் கல்பனா ஸ்வரமும் கேட்பதை நிறுத்தி, ஒரு வர்ணத்தை இரண்டு காலத்திலும் கமகம் குறையாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் தம்புராவோடு ஸட்ஜத்தில் ஒரு நீண்ட வில். மதிப்பெண்ணில் பாதியை நாதத்துக்கும் ஸ்ருதிக்கும் ஒதுக்குங்கள். போட்டிக்கு என்ன கேட்கிறார்களோ அதைத்தான் பெற்றோர் வகுப்பில் கேட்கிறார்கள், ஆசிரியரும் அதையே சொல்லித்தர வேண்டியதாகிறது. வரும் நவராத்திரிப் போட்டிகளிலேயே இந்த விதியை மாற்றலாம், இதற்குச் செலவு ஏதுமில்லை.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.