பிச்சாவரம் கால்வாய்கள்: ஞாயிறு கூட்டம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கிளைக் கால்வாய்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தூர்வார வேண்டும் என்று வனத்துறையிடம் அளிக்கவிருக்கும் மனுவை இறுதி செய்ய, வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு வழக்கமான இடத்தில் கூடுகிறோம்.

ஆங்கிலேயர் காலத்தில் மரங்கள் மொத்தமாக வெட்டப்பட்ட இடங்களில் தரை அமுங்கிப் பள்ளமாகி, ஓதத்தில் (கடல்நீர் ஏற்றத்தில்) ஏறிய நீர் வடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து, எதுவும் முளைக்காமல் போனது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில், அதாவது நடுவில் ஒரு முதன்மைக் கால்வாயும் இருபுறமும் கிளைகளுமாக, கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்த பிறகே அங்கு வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம் மீண்டும் தழைத்தது. அந்தக் கால்வாய்களில் வண்டல் படிந்து வாய் அடைபட்டால், பழையபடி உப்பு ஏறிவிடும். 2004 ஆழிப்பேரலையின்போது இக்காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததை நாம் அறிவோம். கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், புதிதாகக் கன்று நடுவதைவிட இந்தப் பராமரிப்பே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களே எங்கெங்கு நீரோட்டம் தடைபட்டிருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள். அவர்களை உடன் அழைத்துவர இயன்றவர்கள் சனிக்கிழமைக்குள் குழுவில் தெரிவிக்கவும்.