அம்மா, விதை அனுப்ப மாட்டேன்

லீட்ஸ், இங்கிலாந்து,
அக்டோபர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பின்பக்கம் தேயிலையைப் பிடுங்கிய இடத்தில் பூந்தோட்டம் போடப் போவதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் இங்கிருந்து விதை அனுப்ப மாட்டேன் அம்மா. அனுமதி வாங்காமல் விதையைத் தபாலில் அனுப்பக் கூடாது என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

ஊட்டியைச் சுற்றி மேடுகளில் மஞ்சளாகப் பூத்து நிற்குமே ஒரு முட்புதர், அதன் பெயர் கோர்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. இங்கே அது சொந்தச் செடி. வெயில் பட்டால் அந்தப் பூவில் தேங்காய் வாசம் அடிக்கும். முதல் தடவை முகர்ந்தபோது நம் அடுப்படி ஞாபகம்தான் வந்தது. மார்ச் குளிரில் வேறு பூ அதிகம் இல்லாத நேரத்தில், பம்பிள்பீ என்கிற உரோமம் அடர்ந்த பெரிய தேனீக்கு அதுதான் சாப்பாடு. பூனை நுழைய முடியாத அந்த முள்ளுக்குள் சிறு குருவிகள் கூடு கட்டும். அதே செடி நம் மலையில் புல்வெளியையே மூடிவிட்டது. வெட்டினாலும் தீராது, விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். நீலகிரி நெட்டைக்காலி என்ற குருவி அந்தப் புல்லில்தான், தரையில் கூடு கட்டுகிறது. புல்வெளி போனால் அது எங்கே போகும்? இந்த ஊர்க்காரர்களும் நிறைய இழந்திருக்கிறார்கள். 1930களில் இருந்த பூப்புல்வெளிகளில் 97 சதவீதம் போய்விட்டதாம்.

அதனால்தானோ என்னவோ, இப்போது வீட்டுத் தோட்டத்தில் இவ்வளவு அக்கறை. நர்சரியில் சில செடிகளின் சீட்டில் தேனீ படம் போட்டிருக்கும். தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் உதவும் செடி என்று ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற இங்குள்ள தோட்டக்கலைச் சங்கம் தரும் அடையாளம் அது.

நான் அதிகம் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டுப் பாட்டியிடம். அவர் சுவர் முழுக்க ஐவிக் கொடி. எல்லாப் பூவும் முடிந்துபோன இந்த மாதத்தில்தான் அது பூக்கும். பச்சையும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன உருண்டைகள், பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் நேற்று மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்ததும் கொடி முழுக்க ஒரே இரைச்சல். தேனீ, குளவி, ஈ, ஒரு செம்பட்டைப் பட்டாம்பூச்சி என்று அத்தனையும் அதில்தான். குளிர்காலக் கடைசியில் அதன் கறுப்புப் பழத்துக்குப் பறவைகள் வரும். தோட்டத்தின் ஒரு மூலையில் நம் காஞ்சொறி மாதிரி எரிகிற நெட்டில் செடியை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார். சில பட்டாம்பூச்சிகளின் புழுவுக்கு அந்த இலைதான் வேண்டும். நம் பட்டாணிக்குருவி இனத்தில் நீலத்தலையோடு ஒன்று இங்கே உண்டு; அது குஞ்சுக்கு ஊட்டுவதும் புழுவைத்தான். இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தைத் தூக்காதீர்கள் அம்மா.

நம் தோட்டத்துக்கு நம் மலைச் செடியையே தேடுங்கள். தவிட்டுப்பழச் செடி கட்டாயம் வேண்டும். பூவுக்குத் தேனீ வரும், பழத்துக்குக் கொண்டைக்குருவியும் சிரிப்பானும் வரும். குறிஞ்சி வகையில் ஏதாவது கிடைத்தால் வையுங்கள். ஆனால் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான். 2018இல் பூத்தது, இனி 2030. அதை மட்டும் நம்பி எந்தத் தேனீயும் பிழைக்க முடியாது. எந்த மாதமும் ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும். கொத்தமல்லி, கடுகு, முள்ளங்கி எல்லாவற்றிலும் நாலு செடியைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். தும்பை தானாக முளைத்தால் களை என்று எடுத்துவிடாதீர்கள்.

டேலியா வாங்கினால் ஒற்றைப் பூ வகையாகப் பார்த்து வாங்குங்கள். அடுக்கு டேலியாவில், தேனும் மகரந்தமும் தரும் நடுவிலுள்ள சின்னஞ்சிறு பூக்களே இதழ் மாதிரி மாறியிருக்கும். தேனீ உட்கார்ந்து சுற்றிச் சுற்றித் தேடும், உள்ளே போக வழி இருக்காது. சாமிக்கு அடுக்குப் பூதான் வேண்டுமென்றால் ஒரு தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலியோரத்து உண்ணிச்செடியை மட்டும் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். பட்டாம்பூச்சி வருகிறதே, குருவி பழம் தின்கிறதே என்று அப்பா தடுப்பார். குருவி தின்று போடும் விதையில்தான் அது காடு முழுக்கப் பரவியது. பிடுங்கிய இடம் வெறுமையாகக் கிடக்க வேண்டாம், அங்கேயே தவிட்டுப்பழத்தை நட்டுவிடுங்கள்.

நாற்றுக்கு அண்ணனை விசாரிக்கச் சொல்லுங்கள். கோத்தகிரியில் கீஸ்டோன் நிறுவனத்தார் தேனோடும் காட்டுச் செடிகளோடும் வெகுகாலமாக வேலை செய்கிறவர்கள், அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். செலவுக்குப் பணம் அடுத்த வாரம் அண்ணன் கணக்கில் போடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி