செயலாளரின் ஆண்டறிக்கை: அவரவர் பக்கம் அவரவர் கைக்கு

தலைவர் அவர்களே, அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, வணக்கம்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் திருச்சபை இல்லங்களில் வளர்ந்தவர்களின் சங்கம் இது. செயற்குழுக் கூட்டங்கள், சந்தா, மூத்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் துணி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பதிவேடுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என் சான்றிதழில் பிறந்த நாள் ஜூன் 1. எங்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்தவர்களில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். ஜூனில் பள்ளி திறக்கும், அதற்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், அதனால் வார்டன் அம்மா அப்படியே எழுதிவிடுவார். என்னோடு வந்த தம்பியைப் பையன்கள் ஹோமுக்கு அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் மே லீவுக்கும்தான் அவன் முகத்தைப் பார்ப்பேன். அந்த இல்லம்தான் எனக்குச் சோறு போட்டது, ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தது. அந்த நன்றி இன்றும் உண்டு. ஆனால் எங்களை யார், எந்த ஊரிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் இப்போ எதுக்கும்மா?" என்பார்கள்.

இந்த இல்லங்கள் எப்படி வந்தன என்று இளையவர்கள் கேட்டார்கள். லண்டன் மிஷன் சேலத்தில் 1827-லேயே வேலை தொடங்கிவிட்டது. அப்புறம் 1876-ல் தாது வருஷப் பஞ்சம். 1871-ல் 19 லட்சத்துக்கு மேல் இருந்த சேலம் ஜில்லா மக்கள்தொகை 1881-ல் சுமார் 16 லட்சம் ஆகிவிட்டது. அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவெங்கும் மிஷன்கள் ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. மலைமேல் வேறு கதை. ஏற்காட்டில் 1894-ல் கான்வென்ட் பள்ளி, 1917-ல் மான்ஃபோர்ட் பள்ளி. அங்கே பிள்ளை டிரங்குப் பெட்டியோடு போகும், வீட்டு முகவரி பத்திரமாக இருக்கும், லீவுக்கு வீடு திரும்பும். ஹோமில் சேர்ந்த பிள்ளைக்கு அந்த முகவரிதான் முதலில் தொலைந்தது.

சரி, இந்த ஆண்டு என்ன செய்தோம்? இல்லங்களின் சேர்க்கைப் புத்தகங்கள் பலவற்றைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் கோவில்களில் ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. கத்தோலிக்கக் கோவில்களில் பழையவை லத்தீனில் இருந்தன, ஓய்வுபெற்ற சாமியார் ஒருவர் பொறுமையாக வாசித்துச் சொன்னார். தமிழில் உள்ளவற்றில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து. கொம்பு போட்ட 'லை'யையும் 'னை'யையும் பார்த்து இளையவர்கள் தடுமாறினார்கள். ஏழு பேருக்கு அவரவர் பக்கம் கிடைத்தது. இருவருக்கு, பெற்றோர் பெயர் தெரியாது என்ற ஒரு வரிதான். அதையும் நகல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஏழு பேரில் நானும் ஒருத்தி. வாழப்பாடி பக்கம் ஒரு ஊர், அம்மாவின் பெயர், 'விதவை, கூலி' என்ற இரண்டு சொற்கள். எங்களைச் சேர்த்தபோது அம்மா உயிரோடு இருந்திருக்கிறாள். நம்மில் பலர் அனாதைகள் இல்லை, ஏழைகளின் பிள்ளைகள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. வறுமையில் உள்ள தாய் பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்க மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் தர வழியிருக்கிறது. அப்படி ஒரு தொகை அன்று என் அம்மா கைக்கு வந்திருந்தால் தம்பியும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்திருப்போம். தெரிந்த குடும்பங்களுக்குச் சொல்லுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கலாம்.

அயர்லாந்தில் திருச்சபை இல்லங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றிய விசாரணை ஆணைய அறிக்கை 2009-ல் வெளிவந்தது. இல்லங்களில் துன்பப்பட்டவர்களிடம் ஆஸ்திரேலிய அரசு அதே ஆண்டு நவம்பரில் மன்னிப்புக் கேட்டது. அங்கே வளர்ந்தவர்களும் தங்கள் கோப்புகளுக்காகப் போராடினார்கள். நம்மிலும் அடி வாங்கியவர்கள், அதைவிட மோசமானதைப் பட்டவர்கள் இருக்கிறார்கள். சொல்ல விரும்புகிறவர்களின் பேச்சை இந்தச் சங்கம் உட்கார்ந்து கேட்கும். இதைச் சொன்னால் திருச்சபைக்கு விரோதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மை வளர்த்த வீட்டிடம்தான் கேட்கிறோம்.

ஆயர்களுக்கும் போதகர்களுக்கும் கொடுக்கும் மனு தயாராக இருக்கிறது. எஞ்சிய புத்தகங்களை ஸ்கேன் செய்ய வேண்டும், ஒருவருடைய பக்கத்தை அவரிடம் மட்டுமே தர வேண்டும். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் இரண்டு பேர் ஞாயிறு மாலைகளில் தேவை. கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள், மை ரொம்பவே மங்கியிருக்கிறது.