சாம்பலா, மணலா?

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வீடு முழுக்கப் பட்டிப் பொடி. பெயிண்ட் வேலை நடக்கிறது.

ஹாலுக்கு இளஞ்சாம்பலா, மணல் நிறமா என்று எனக்கும் வீட்டுக்காரிக்கும் இரண்டு வாரமாக வழக்கு. நான் சாம்பல் கட்சி. ஷேடு கார்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பின்பக்கம் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருந்தது. விழுகிற வெளிச்சத்தில் சுவர் எவ்வளவு திருப்பித் தரும் என்ற கணக்கு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. நம் இரண்டும் 60-ஐ ஒட்டித்தான். சரி, ஒன்றுதானே என்று நினைத்தேன்.

சின்ன டப்பா ஒவ்வொன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி சுவரில் அடித்துப் பார்த்தோம். காலை வெயில் காவித் தரையில் பட்டுத் தெறித்ததில் சாம்பலின் கீழ்ப்பகுதி லேசாக ரோஸ் அடித்தது. மத்தியானம் வெயில் விலகியதும் அதே சாம்பல் நீலம் பூசிக்கொண்டது. அந்தக் காலத்தில் பொங்கலுக்குச் சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து அடிப்போமே, அதுபோல இதற்குள்ளும் ஒரு நீலம் ஒளிந்திருக்கிறது. மணலுக்குள் மஞ்சள். எது எப்போது வெளியே வரும் என்பது வெளிச்சத்தின் கையில். எண் அதைச் சொல்லவில்லை.

ராத்திரி 6500 கெல்வின் டியூப்லைட்டின் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "இந்த இடத்துல மட்டும் ஏன் சிமெண்ட் பூசியிருக்கீங்க?" என்றார். என் கட்சி அன்றோடு தோற்றது. மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் விளக்கு மாட்டினால் சாம்பல் தேறுகிறது, ஆனால் அதில் மணல் சந்தனமாகிவிடுகிறது. ஆகவே ஹாலுக்கு மணல், டியூப்லைட் அப்படியே. மேற்கு அறைக்குச் சாம்பல். சாயங்கால வெயிலில் அங்கே அது அருமையாக இருக்கிறது. இதை இவளிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று.

உன் மஞ்சக்குப்பம் வீட்டு ஹாலுக்கு வடக்கு ஜன்னல் மட்டும்தானே? நேர் வெயில் அதிகம் வராது, சாம்பல் இன்னும் குளிர்ந்துபோகும். அதைவிட முக்கியம், மழையில் ஓதம் ஏறிய பின்சுவர் நன்றாகக் காயட்டும். உப்புப் பூத்த சுவரில் எந்த நிறம் அடித்தாலும் உரிந்துகொண்டு வரும்.

என்னிடம் சாம்பல் அரை டப்பா மீதி இருக்கிறது. அடுத்த முறை வரும்போது எடுத்துப்போய் உன் சுவரில் ஓரமாக அடித்துப் பார். மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன், சீக்கிரம் வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்